அமுக்கும் விரல்

செயலிழந்து விழுகிற சர்வர் தன் கடைசி நினைவைக் கோப்பாக எழுதிவைக்க ஒரு மென்பொருள் கருவி உண்டு. அந்தக் கோப்பு ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது. மேல்மாடியிலிருந்தே கருவியைத் திருத்திக்கொண்டிருந்த ஜெயசீலனுக்கு இன்று கடைசி வாய்ப்பு. தவறினால் வேலை போய்விடும். முதல்முறையாக சர்வர் அறைக்கே இறங்கி வந்து, சர்வரைத் தானே விழவைத்தான். திரை உறைந்தது. அறையைப் பார்த்துக்கொள்ளும் மரியதாஸ் பவர் பட்டனை நோக்கிப் பாய்ந்தார்.

"அண்ணே! என்ன பண்றீங்க?"

"ஹேங் ஆயிருச்சுல்ல தம்பி. எப்பவும் நான்தான் அமுக்கி எழுப்பிவிடுவேன்."

"எப்பவுமா?"

"பின்னே? ஒரு நிமிஷம் கெடக்க விட்டதில்ல."

ஜெயசீலன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். கருவி கோப்பை எழுதி முடிக்கும்வரை திரை அசையாது. இருவரும் கைகோத்தபடி அதையே பார்த்து நின்றார்கள்.

"பாவமா இருக்கு தம்பி. லேசா அமுக்கட்டுமா?"

ஜெயசீலன் பிடியை இறுக்கினான். அவன் பிடிக்குள் ஒரு விரல் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.