கிழித்த கோடு

“மேலே போகாதேன்னா போகக் கூடாது. அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டு, கணவன் கல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டான். ஏரிக்கு முதுகைக் காட்டியபடி.

அவள் அண்ணாந்து அரண்மனைக் கோபுரத்தைப் பார்த்தாள். காலையிலிருந்து இதே பாட்டுதான். கோயிலில், “கும்பிட்டாச்சுல்ல, கிளம்பு.” தர்பார் மண்டபத்தில், “செங்கல்லும் சுண்ணாம்பும்தானே, வாயைப் பிளந்து பார்க்க என்ன இருக்கு?”

இந்த ஊர் மட்டும் வேண்டாம் என்று அவன் தலைகீழாக நின்று பார்த்தான். அவனுடைய முதல் மனைவி இங்கேதான் படகிலிருந்து தவறி விழுந்து, ஏரியில் மூழ்கிப் போனாளாம். கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தான். ஆனாலும் அவள் அடம்பிடித்து அவனை இழுத்து வந்திருந்தாள்.

மூத்தவளின் படம் ஒன்றுகூட வீட்டில் இல்லை. ஆனால் குழம்பில் உப்பு கூடினாலும், கதவு சற்றுப் பலமாகச் சாத்திக்கொண்டாலும் மூத்தவள் வந்துவிடுவாள். “அவ இருந்தாளே, நான் கிழிச்ச கோட்டைத் தாண்டினதே இல்ல.”

உயிரோடு இருக்கிறவர்களோடு சண்டை போடலாம். இல்லாதவளோடு எப்படிப் போடுவது? மூத்தவள் விழுந்த தண்ணீரை மேலே நின்று ஒருமுறை பார்க்க வேண்டும். ‘நீ நல்லவளாகவே இருந்துகொள், என்னை விட்டுவிடு’ என்று சொல்லிவிட வேண்டும்.

“நான் ஏறத்தான் போறேன்” என்றாள்.

“என்னது?”

“கோட்டைத் தாண்டப் போறேன். நீங்க இங்கேயே காத்து வாங்குங்க.”

முதுகுக்குப் பின்னால் அவன் கத்தினான். அவள் திரும்பவில்லை. கோபுரத்தை நோக்கி நடந்தாள்.

கோபுர வாசலில் நின்ற பெண் கைடு, தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். “வாங்க, வாங்க. அவர் கீழேயே இருக்கட்டும். பாதிப் படி ஏறுறதுக்குள்ள தலை சுத்தி உட்கார்ந்துடுவார்.”

கடுகடுத்த கணவன்மார்களை இந்தக் கைடு இப்படித்தான் கழற்றிவிடுவாள் போலிருக்கிறது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வளைந்து வளைந்து ஏறிய இருட்டுப் படிகள் ஒரு சிறிய அறையில் போய் முடிந்தன. ஒரே ஒரு ஜன்னல். அதன் கீழே ஏரி, வானத்தை விரித்துப் போட்டதுபோல் கிடந்தது.

“இது ராணியோட அறை. வெளியே பூட்டு, உள்ளே ராணி” என்றாள் கைடு. “ஒருநாள் இந்த ஜன்னல் வழியாக் குதிச்சுட்டாங்க. ராணி செத்துட்டாங்கன்னு ராஜா தண்டோரா போட்டார். கீழே பலகையிலயும் அப்படித்தான் எழுதி வச்சிருக்காங்க.”

“ஐயோ பாவம்.”

“என்ன பாவம்? ராணிக்கு நீச்சல் தெரியும். அதோ, அக்கரையில ஒரு கோயில் தெரியுதா? அங்கே ஈரப் புடவையைப் பிழிஞ்சுக்கிட்டு நிக்கிற ஒரு சிலை இருக்கு. அது அவங்கதான்.”

“அப்ப ராஜா எதுக்கு செத்துட்டாங்கன்னு சொன்னார்?”

“பொண்டாட்டி விட்டுட்டுப் போயிட்டாள்னா மானம் போகும். செத்துட்டாள்னா நாலு பேர் இரக்கப்படுவாங்க. இன்னொரு பொண்ணும் கிடைக்கும்.”

அவள் சிரிக்க வாயைத் திறந்தாள். அதற்குள் படிக்கட்டின் அடியிலிருந்து கணவனின் குரல் ஏறி வந்தது. “ஏய்! நாலு படி ஏறினதுக்கே எனக்குத் தலை சுத்துது. இறங்கி வா!”

“வர மாட்டேன்!” என்று அவள் கத்தினாள். கோபுரச் சுவர்கள் அதையே இன்னொரு தரம் சொல்லின. தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

பிறகு சட்டென்று கைடு பக்கம் திரும்பினாள்.

“அவருக்குத் தலை சுத்தும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

கைடு தொப்பியைக் கழற்றினாள். ஏரியைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்தாள்.

“எனக்கும் நீச்சல் தெரியும், தங்கச்சி.”