வெள்ளை வட்டம்

வாங்கப்போகும் வீட்டைக் கண்ணால் பார்த்தால் போதுமா, தட்டியும் பார்க்கவேண்டுமா என்று கேட்டார் இன்ஜினியர் ஜெயசிங். தட்டுங்கள் என்றேன். சிறு சுத்தியலால் சுவர் சுவராகத் தட்டி, உள்ளே காலியென்று சத்தம் காட்டிய இடங்களில் நீலச் சாக்பீஸால் வட்டமிட்டுக்கொண்டே வந்தவர், பின்னறையில் நின்றுவிட்டார். அங்கே ஏற்கெனவே வெள்ளை வட்டங்கள் இருந்தன. எல்லாம் முழங்கால் உயரத்தில். நான் குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.

“முன்னாடி யாராச்சும் தட்டிப் பாத்தாங்களாம்மா?” என்று கேட்டார் ஜெயசிங்.

“இல்லீங்களே,” என்றார் வீட்டுக்கார அம்மாள். “அந்த ரூம் பூட்டியேதான் கெடக்கு.”

ஜெயசிங் சுத்தியலைப் பையில் போட்டார். “வேற வீடு பாக்கலாம் சார்.”

வாடகை வீட்டுக்குத் திரும்பிச் சட்டையைக் கழற்றினேன். சட்டையின் முதுகில், இடப்பக்கம், ஒரு வெள்ளை வட்டம்.

மடக்கிய விரலை நெஞ்சருகே வைத்திருக்கிறேன். இன்னும் தட்டவில்லை.