நாலாவது வீட்டுக் குட்டி

மலேசியாவின் ஆயர் குரோவில், அந்தத் தாமான் குடியிருப்பில் பத்தே நாளில் மூன்று வீட்டுப் பூனைக்குட்டிகள் வாந்தியெடுத்துச் செத்துப்போயின. நாலாவதாகக் கமலவேணி வீட்டுக் கதவைத் தட்டினார் அதே குடியிருப்புக்காரரான சற்குணன்.

“தங்கச்சி, பொல்லாத வைரஸ் பரவுது. குட்டிய வெளிய விடாதம்மா. சீக்கிரம் ஊசி போட்டுரு.”

“நாளைக்கே கிளினிக் போறேன்லா அண்ணே. நீங்க கொஞ்சம் பாருங்களேன், நல்லாதானே இருக்கு?”

குட்டியை மடியில் வைத்து வாயைத் திறந்து பார்த்தார். அது அவர் சட்டையில் முகம் புதைத்து உறங்கிப்போனது. செத்த மூன்று குட்டிகளையும் இப்படித்தான் முன்கூட்டியே போய் மடியில் வைத்துப் பார்த்து, வீட்டாரை எச்சரித்திருந்தார். அதற்குள் நோய் முந்திக்கொண்டது.

கைப்பேசி அடித்தது. அவர் விவரம் கேட்டிருந்த மிருக டாக்டர் தாரணி.

“அண்ணே, இந்தக் கிருமி மனுசங்க கையில, சட்டையில, செருப்புல ஒட்டிக்கிட்டே வீடு மாறும். மாசக்கணக்கா சாகாது. இந்த மூனுக்கும் முன்னால அங்க எந்தப் பூனையாச்சும் செத்துச்சா?”

சற்குணன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

“எங்க வீட்டுப் பூனை, டாக்டர். போன மாசம், என் மடியிலதான் உசிர விட்டுச்சு. அந்த வேதனை வேற யாருக்கும் வரக்கூடாதுன்னுதான் வீடு வீடா...”

தூக்கத்திலேயே குட்டி அவர் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.