அழித்துவிட்டு நிறுவு

"ஒரு எழுத்துகூட மிச்சம் இருக்கக் கூடாதுண்ணா. சுத்தமா துடைச்சுட்டு லினக்ஸ் போட்டுக் கொடுங்க."

கைக்கு அடக்கமான ஒரு சின்ன லேப்டாப்பையும் ஒரு சிடியையும் மேசைமேல் வைத்தாள் அவள். மருந்துக்கடைக்காரரின் இரண்டாவது மனைவி. கல்யாணமாகி ஒன்றரை வருஷம் ஆகியும் தெருவில் அவளுக்குப் பெயர் 'புதுசு'தான்.

"சிடியை எங்கேம்மா போடறது? இதுல அதுக்கு வழியே கிடையாதே" என்றார் கம்ப்யூட்டர் கடைக்காரர். "பென்டிரைவ்ல ஏத்தித்தான் போடணும். அரைமணி உட்காரு. யாரோடது இது?"

"பாப்பாவோட அம்மாவோடது. அவங்க தவறி மூணு வருஷம் ஆச்சு. இப்ப பாப்பா வச்சிருக்கா."

"நீ எடுத்துட்டு வந்தது பாப்பாவுக்குத் தெரியுமா?"

"பள்ளிக்கூடம் போயிருக்கா."

கேட்டதற்கு அது பதில் இல்லை. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டார். செத்தவளின் புடவை, போட்டோ எல்லாம் எப்போதோ போயிருக்கும். மிச்சம் இந்தப் பெட்டி ஒன்றுதான் போல.

சிடியில் இருந்ததைப் பென்டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் செருகினார். உள்ளே இருந்த எதையும் தொடாமல், பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் எழுந்து வந்தது.

அழிப்பதற்கு முன்னால் உள்ளே ஒரு தடவை எட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். ஒருமுறை பார்க்காமல் ஒரு வீட்டுக் கல்யாணப் படங்களை மொத்தமாகத் துடைத்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

உள்ளே ஒரே ஒரு ஃபோல்டர். 'அம்மாவுக்கு' என்று இருந்தது. நாளுக்கு ஒன்றாகக் கடிதங்கள். ஒன்றைத் திறந்தார்.

'அம்மா, கணக்குல முட்டை. அப்பாகிட்ட சொல்லல.'

அதற்குக் கீழே, இரண்டு வரி இடம் விட்டு:

'சொல்லிடு கண்ணு. அப்பா அடிக்க மாட்டார். பேப்பரை மெத்தைக்கு அடியில ஒளிச்சு வச்சா எனக்குத் தெரியாதா?'

கடைக்காரர் தேதியைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அடுத்ததைத் திறந்தார்.

'அம்மா, நீ என்னைப் பாக்கறியா?'

'பாத்துக்கிட்டேதான் இருக்கேன். நேத்து நீ தூங்கினப்புறம் போர்வையை இழுத்துவிட்டேன். உன் கால் சில்லுன்னு இருந்துச்சு.'

வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில். அவருக்கு மட்டும் பிடரியில் யாரோ ஊதுகிற மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தார். பழுதுக்கு வந்த மானிட்டர்கள் வரிசையாகக் கறுத்துக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் அவர் முகமே அவரைப் பார்த்தது.

மனசு வேண்டாம் என்றது, கை கேட்கவில்லை.

'அம்மா, புதுசு எனக்குத் தலை வார வந்தா. சீப்பைத் தூக்கி எறிஞ்சுட்டேன்.'

'சரி, வாரிக்க வேணாம். ஆனா அந்தக் கோபத்துல சாப்பிடாம மட்டும் இருக்காதே கண்ணு.'

படக்கென்று மூடினார்.

"என்னண்ணா, இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"ஒண்ணுமில்ல. உட்காரு."

திரையில் லினக்ஸ் கேட்டது: பழையதை அழித்துவிட்டு நிறுவவா, இல்லை பழையதன் பக்கத்திலேயே நிறுவவா?

பெத்தவள் செத்தும் பிள்ளையை விடவில்லை. இவள் உயிரோடு இருந்துகொண்டு அதையும் வெட்டிவிடப் பார்க்கிறாள். கடைக்காரர் சத்தமில்லாமல் அம்புக்குறியை இரண்டாவது வரிக்கு நகர்த்தினார்.

"மேல இருக்கிறதைத் தொடுங்கண்ணா."

தூக்கிவாரிப்போட்டது. எப்போது எழுந்து வந்தாளோ, அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"முடியாதும்மா" என்றார். "இதுல என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு? தாயும் பிள்ளையும் பேசிக்கிறாங்க. எப்படின்னு எனக்குப் புரியல, புரியவும் வேணாம். ஆனா இந்தப் பாவத்தை என் கையால பண்ண மாட்டேன். வேற கடையைப் பாரு."

அவள் கோபப்படவில்லை.

"இன்னிக்குக் காலையில எழுதினதைப் படிச்சீங்களா?"

ஃபோல்டரை மறுபடி திறந்தார். கடைசிக் கடிதம்.

'அம்மா, எழுதினது போதும். நீ இங்க வா. இல்லன்னா நான் அங்க வரேன். எப்படி வரதுன்னு மட்டும் சொல்லு.'

அதற்குக் கீழே எதுவும் இல்லை. கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு வருஷமா எல்லாத்துக்கும் நான்தான் பதில் எழுதிட்டு வந்தேண்ணா" என்றாள் அவள், மெதுவாக. "இதுக்கு என்ன எழுதறதுன்னு எனக்குத் தெரியல."

கடைக்காரர் அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒம்பது வயசுப் பிள்ளைம்மா. அவ அம்மாவையே நீ அழிச்சுட்டேன்னு உன்னைக் கரிச்சுக் கொட்டுவாளே. என்ன பண்ணப் போறே?"

"நாலு மணிக்கு அவரையும் கூட்டிக்கிட்டுப் பள்ளிக்கூட வாசல்ல போய் நிக்கப் போறேன். நான்தான் அழிச்சேன்னு நானே சொல்லப் போறேன்."

கையை நீட்டி, அம்புக்குறியை மேல் வரிக்கு நகர்த்தி, அவளே அழுத்தினாள்.

"திட்டட்டும்ணா. வந்த நாள்லேர்ந்து என்கிட்ட அவ ஒரு வார்த்தை பேசினதில்ல. திட்டுறதுக்காவது என் முகத்தைப் பாப்பாள்ல."