சாப்பிடாத பிள்ளை

"புள்ள எங்க?"

"தெரியா, மிஸ்."

"காலையில என்ன சாப்பிட்டா?"

"அதுவும் தெரியா."

கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த நல்லரத்தினம் தலையை நிமிர்த்தவேயில்லை.

யசோதினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சிறுவர் உரிமை அலுவலர் என்று வாவிக்கரைக் கிராமங்களெல்லாம் ஸ்கூட்டியில் அலைகிறவள். பொறுப்பில்லாத ஆட்கள் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறாள். ஆனால் பேத்தி எங்கே என்று தெரியாது என்பதை இவ்வளவு சாவகாசமாகச் சொல்லும் அம்மப்பாவை இப்போதுதான் காண்கிறாள்.

நேற்றுப் பின்னேரம் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. பேர் சொல்லாத ஒரு பெண்.

"நல்லரத்தினத்திட பேத்தி டிலுஷா, சோத்துல கை வெச்சு ஒரு கிழமையாகுது, மிஸ். தாயும் குவைத்துல. கெதியா வந்து பாருங்க."

குரல் தழுதழுத்து, போன் வைக்கப்பட்டுவிட்டது. யசோதினி டவுனில் ஒரு சிறுவர் இல்லத்தில் இடம் இருக்கிறதா என்று விசாரித்து வைத்துவிட்டுத்தான் இன்றைக்குப் புறப்பட்டு வந்திருந்தாள்.

"இரவில புள்ள எங்க படுக்கிற?"

"நான் தோணியில போனா, முன்வீட்டுப் பூரணியிட்ட. இல்லாட்டி அவ நினைச்ச இடத்தில."

"நினைச்ச இடத்திலயா! ஆறு வயசுப் புள்ள ஐயா அது! இப்படியெண்டா நான் இல்லத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டி வரும்."

வலை தைத்த கை நின்றது.

யசோதினி விறுவிறுவென்று முன்வீட்டுக்குப் போனாள். அன்னப்பூரணி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"டிலுஷாவா? இடியப்பமும் சொதியும் திண்டுட்டு இப்பதான் ஓடுறா. பாதிச் சொதி கவுணில. கழுவிப் போட்டிரிக்கன், பாருங்க."

கொடியில் ஒரு சின்னக் கவுண் சொட்டிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டயா சாப்பிட்ட?"

"மறுகா, வேற எங்க? இந்த மனிசன் கஞ்சி வெச்சாலே அடிப்பிடிச்சுப் போகும்!"

அடுத்த வீட்டில் மீன் பொரியல் சாப்பிட்டிருக்கிறாள். அதற்கடுத்த வீட்டில் தலைவாரி இரட்டைப் பின்னல் போட்டிருக்கிறார்கள். யாராவது ஒருவர் பிள்ளையைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொன்னார்களா என்றால், அதுதான் இல்லை. வெண்டிக்காயைப் பொறுக்கி ஒதுக்கி வைக்கிறாளாம். நகம் வெட்டக் கையைத் தருகிறாளில்லையாம். பெற்றவர்கள்கூட இவ்வளவு குறை சொல்ல மாட்டார்கள்.

சந்திக் கடையில், மா மூட்டைக்கு மேல் டிலுஷா இருந்தாள். கையில் பாதி கடித்த பணிஸ், மடியில் பேப்பர். கடைக்காரர் பக்கீர் காக்காவுக்கு எழுத்துக்கூட்டிச் செய்தி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"என்ட கண்ணுக்கு ஒரு குறையுமில்ல, மிஸ்," என்று காக்கா யசோதினியின் காதோடு சொன்னார். "வாசிக்கப் பழகட்டும் எண்டு ஒரு பொய்."

கன்னம் இரண்டும் உப்பலாக இருந்த அந்தப் பிள்ளையிடம் யசோதினி குனிந்தாள்.

"மகள், சாப்பிட்டீங்களா?"

டிலுஷா கொஞ்சம் யோசித்தாள்.

"எந்த வீட்ட, மிஸ்?"

யசோதினிக்கு வந்த சிரிப்பில் வந்த கோபமெல்லாம் போய்விட்டது. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

நல்லரத்தினம் வலையை ஒரு பக்கம் தள்ளி வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு பை. பேத்தியின் உடுப்புகளும் பள்ளிக்கூடச் சப்பாத்தும் அதற்குள் இருந்தன.

"கிழமைக்கு ஒருக்காவாவது பாக்க விடுவாங்களா, மிஸ்?"

யசோதினிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ, ஐயா! இவ ஒரு இடமும் போகத் தேவையில்ல. எல்லா வீட்டயும் சாப்பிடுறா எண்டு முதலே சொல்லியிரிக்கலாமே!"

"என்ன சாப்பிட்டா எண்டுதானே கேட்டீங்க. அது எனக்கு உண்மையாத் தெரியா."

அவரிடம் கோபிக்க இனி வழியில்லை. வீணாக ஒரு கிழவரைக் கலங்கவைத்துவிட்டோமே என்ற வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. அந்த வெட்கமெல்லாம் போன் செய்தவள் மேல் திரும்பியது.

"பொய் முறைப்பாடு செஞ்சது ஆரு?" ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தினாள். "ஒரு புள்ளைய ஊரை விட்டுப் பிரிக்கப் பாத்த அந்தப் பாவி ஆரு?"

"பாவியெண்டு சொல்லாதீங்க, மிஸ்!"

வேலிக் கடப்பு வழியாகக் குனிந்து வந்தாள் பக்கத்து வீட்டுச் செசீலியா. அழுது அழுது கண் சிவந்திருந்தது. கையில் மூடிய கோப்பையிலிருந்து இறால் பொரியல் மணத்தது.

"நான்தான் உங்களுக்குப் போன் எடுத்த. ஆனா, ஒரு சொல்லும் பொய்யில்ல."

"சோத்துல கை வெச்சு ஒரு கிழமை எண்டீங்களே!"

"ஓம், ஒரு கிழமைதான்! ரெண்டாம் வாய்ப்பாடு சொன்னாத்தான் இறால் எண்டு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டன். அண்டைக்கிருந்து இவ எங்கட வளவுப் பக்கமே வாறயில்ல!"

டிலுஷா மெல்ல அம்மப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

செசீலியா மூக்கை உறிஞ்சினாள்.

"ஊரெல்லாம் தின்னுறா, மிஸ். என்ட சோத்துல மட்டும் கை வைக்கிறாவில்ல. புள்ளைட உரிமையப் பாக்க வந்த நீங்க, எனக்குள்ள உரிமையையும் ஒருக்கா எடுத்துத் தந்துட்டுப் போங்க!"