கடைசித் தட்டு

“சோத்துல உப்புப் போட்டுத் திங்கறவங்க செய்யற வேலையா இது?”

ஒரகடத்துக் கார் உதிரிபாகத் தொழிற்சாலை கேன்டீனில், சமையல் ஆட்களை வரிசையாக நிறுத்திவைத்துக் கத்தினார் புருஷோத்தமன். கேன்டீனை நடத்தும் கம்பெனியில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி அவர். லேபும் அவர் பொறுப்புதான். காலையில் காய்ச்சி மதியம் ஊற்றிய பாயசத்தைக் குடித்த நாற்பத்தோரு பேர், முந்தின நாள் வேலை செய்யும் லைனிலேயே வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டார்கள். நல்லவேளை, எல்லோரும் தேறிவிட்டார்கள்.

“யாரோ ஒருத்தர் மூக்குலதான் அந்தக் கிருமி குடியிருக்கு. எல்லார் மூக்குலயும் பஞ்சுக் குச்சி விட்டு எடுத்து, லேப்ல கிருமி வளர்க்கற உப்புத் தட்டுல தேய்க்கப் போறேன்.”

“இன்னா சார், உப்புல எங்கனா கிருமி வளருமா?” என்றாள் மண்ணூர் கங்கம்மாள். பாயசம் காய்ச்சியது அவள்தான்.

“கடல் தண்ணியை விட ரெண்டு மடங்கு உப்பு அந்தத் தட்டுல. மத்த கிருமியெல்லாம் அடங்கிடும். இது மட்டும் ஜம்முனு வளந்து, சிவப்புத் தட்டை மஞ்சளாக்கிடும். யார் தட்டு மஞ்சளாவுதோ, அவங்க அன்னிக்கே வீட்டுக்கு. மேனேஜர்கிட்ட பேசிட்டேன்.”

கங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மூக்கைக் காட்டினாள். வீட்டில் வேலைக்குப் போவது அவள் ஒருத்திதான். வரிசையில் கடைசியாக நின்றதும் அவள்தான்.

இரண்டு நாள் கழித்து, லேபில் தட்டுகளை எடுத்துப் பரப்பினாள் டெக்னீஷியன் லீலா.

“ஒண்ணே ஒண்ணுதான் சார் மஞ்சள். கடைசித் தட்டு.”

புருஷோத்தமன் தன்னிடமிருந்த பெயர்ப் பட்டியலைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“மத்த டெஸ்டும் செஞ்சு பாரும்மா.”

“செஞ்சுட்டேன் சார். அதே கிருமிதான்.”

அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

‘கடைசித் தட்டு’ என்ற சேதி சமையலறைக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கங்கம்மாள் ஓடிவந்து லேப் கதவுக்கு வெளியே நின்றாள். காய் நறுக்கும் மாரியும் துணைக்கு வந்தான். உள்ளே, மேனேஜர் ராஜசேகரின் குரல் ஸ்பீக்கர் போனில் அதிர்ந்தது.

“யாருன்னு தெரிஞ்சுதா? பேரைச் சொல்லுங்க, கேட்டுக்கு வெளிய அனுப்பிடலாம்.”

“கொஞ்சம் நிதானமா யோசிக்கணும் சார். நாலு பேர்ல ஒருத்தர் மூக்குல இந்தக் கிருமி சும்மாவே இருக்கும். அது ஒரு குத்தமா? ஒரு வாரம் மூக்குல ஆயின்ட்மென்ட் தடவிக்கிட்டு, சமையக்கட்டுப் பக்கம் வராம இருந்தாப் போதும்.”

“வீட்டுக்கு அனுப்பணும்னு குதிச்சதே நீங்கதானேய்யா?”

“குதிச்சேன் சார். புத்தியில்லாம குதிச்சேன். அவங்களுக்கும் குடும்பம் இருக்கு. எத்தனை வருஷ உழைப்பு சார்...”

வெளியே கங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“வாய்தான் அப்புடி. மனசு தங்கம்டா, மாரி!”

“சரி, நீங்க இவ்ளோ சொல்றதால வேலையை விட்டு எடுக்கல,” என்றார் மேனேஜர். “ஆனா ரிப்போர்ட்ல பேர் போட்டாகணும். சொல்லுங்க.”

புருஷோத்தமன் பெயர்ப் பட்டியலை மடித்தார்.

“புருஷோத்தமன்.”

“உங்க பேர் எனக்குத் தெரியும்யா. அந்த ஆளோட பேரு?”

“அதேதான் சார். எல்லாருக்கும் எடுத்து முடிச்சப்புறம், சும்மா ஒரு கெத்துக்கு என் மூக்குலயும் குச்சி விட்டுக்கிட்டேன்... பாயசம் காய்ச்சின அன்னிக்குக் காலையில, இனிப்பு பத்துமான்னு கரண்டியை நக்கிப் பாத்துட்டு, அப்படியே அண்டாவுல போட்டதும் நான்தான் சார்.”