தோற்க வேண்டிய அணி

எதிரணி கோல் போட்டதும் சோபாவிலிருந்து துள்ளி எழுந்து கை தட்டினேன்.

கோல் வாங்கியது என் மகன் ஷ்ரேயஸ் ஆடும் அணி.

ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷன், சீசனின் கடைசி மேட்ச். அங்கே ஞாயிறு மதியம், இங்கே அமெரிக்காவில், இர்விங்கில், காலைக் காபி நேரம். இதில் தோற்றால் அந்த அணி மூன்றாம் டிவிஷனுக்கு இறங்கிவிடும். இறங்கினால் ஷ்ரேயஸின் ஒப்பந்தம் அதோடு முடிந்தது. பிள்ளை வீட்டுக்கு வந்துவிடுவான்.

அதற்காகத்தான் தட்டினேன். பெற்ற பிள்ளை தோற்பதற்குக் கை தட்டும் அப்பன் ஊரில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். இருந்துவிட்டுப் போகிறேன்.

"ஏனுங்க, மெதுவா" என்றாள் வான்மதி சமையலறையிலிருந்து. என் மனைவி மேட்ச் பார்க்க மாட்டாள். அவளுக்குப் படபடப்பு வந்துவிடும்.

இங்கேயே ரவுண்ட் ராக் ஊரில் கையில் கிடைத்த கம்பெனி வேலையை உதறிவிட்டுப் பந்து உதைக்கப் போனார் என் வீட்டுத் துரை. ஆபீஸில் கேட்பவர்களிடம் ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் பண்ணுகிறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் சந்தேகப்படவில்லை. தமிழ்ப் பையன் ஜெர்மனிக்கு வேறு எதற்குப் போவான்?

கிளம்பிய அன்று, இனிமேல் எனக்கு போன் பண்ணாதே என்று சொல்லிவிட்டேன். அதுவரை என் பேச்சு எதையும் கேட்காதவன் அதை மட்டும் கேட்டான்.

அதற்குப் பிறகு எல்லாம் வான்மதி வழியாகத்தான். அந்த உருப்படாத டீமை விட்டு வரச் சொல்லு. பெஞ்சில் உட்காரத்தான் கடல் தாண்டிப் போனானா, கேளு. வாராவாரம் ஏதாவது சொல்லி அனுப்புவேன். அவளும் தலையாட்டிவிட்டு போனோடு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். நானாக போன் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. அவன் முதலில் பண்ணட்டும் என்று இருந்தேன்.

ஆனால் ஒரு மேட்ச் விட்டதில்லை. அது தோற்பதைப் பார்க்க என்றுதான் சொல்லிக்கொண்டேன். அவன் பந்தோடு ஓடும்போது என் காலும் சேர்ந்து உதறும். அது வேறு விஷயம்.

கடைசி நிமிடத்தில் அவன் முகத்தைக் கிட்டத்தில் காட்டினார்கள். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வரட்டும், அம்மா கையால் நாலு நாள் சாப்பிட்டால் தேறிவிடுவான். அவன் அறைக்குப் புது மெத்தை கூட வாங்கிப் போட்டுவிட்டேன்.

விசில் ஊதினார்கள். ஷ்ரேயஸ் புல்லில் குப்புற விழுந்தான்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. சந்தோஷம், வேறென்ன.

"வந்துருவான் வான்மதி" என்றேன். அவள் டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் போன் அடித்தது. வீடியோ கால். வழக்கம்போல் எடுத்துக்கொண்டு உள்ளே போகப் பார்த்தாள். நான் பிடுங்கிக்கொண்டேன்.

டீம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் அப்படியே உறைந்து போனான்.

"அப்பா... நீங்க அழறீங்களா?"

வந்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவன் இங்கிலீஷில் கொட்ட ஆரம்பித்துவிட்டான். அம்மா எல்லாம் சொன்னாளாம். அப்பா உன் மேட்ச் ஒன்றையும் விடுவதில்லை, நீ ஜெயிக்கத்தான் சாமி கும்பிடுகிறார், ஆபீஸ் முழுக்க உன் பெருமைதான் பேசுகிறார் என்று வாராவாரம் சொன்னாளாம். அதைக் கேட்டுத்தான் இத்தனை நாள் அங்கே தாக்குப்பிடித்தானாம்.

நான் வான்மதியைப் பார்த்தேன். அவள் காமிராவில் படாமல் தள்ளி நின்று துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவனுக்குப் போய்ச் சேரவில்லை. வரச் சொல்லு என்று சொன்னேனே, பாவி, அதுகூட.

அவன் இன்னும் பேசிக்கொண்டிருந்தான். மூன்றாம் டிவிஷனுக்குப் போனாலும் எங்களோடே இரு, இரண்டு வருஷத்துக்குப் புது ஒப்பந்தம் தருகிறோம் என்று கிளப்பில் கேட்டிருக்கிறார்கள். முடியாது என்று சொல்லத்தான் இருந்தானாம். தனியாக இருந்து அலுத்துவிட்டதாம். வீட்டுக்கு வந்துவிடலாம் என்று பெட்டியெல்லாம் கட்டி வைத்துவிட்டானாம்.

ஆனால் இப்போது என் முகத்தைப் பார்த்த பிறகு மனசு வரவில்லையாம்.

"அழாதீங்கப்பா. நான் இங்கயே இருக்கேன். டீமை மறுபடி மேல கொண்டு வர்றேன், உங்களுக்காக. இப்பவே கோச்கிட்ட சொல்லிடறேன். ஓகேவா?"

பிறந்ததிலிருந்து அவன் என்னிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை.

வான்மதி சத்தம் வராமல் வாயை அசைத்தாள். வரச் சொல்லுங்க. வரச் சொல்லுங்க.

வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பான். எதற்கு அழுதேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். சின்ன வயதில் பரிசுக் கோப்பையைக் கொண்டுவந்து நீட்டும்போது கூட அவன் என்னை இப்படிப் பார்த்ததில்லை.

"நல்லா ஆடு சாமி" என்றேன்.